பரீட்சையைப் பரீட்சிப்பவர் யார்?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



"கல்வியைப் பற்றி ஏதாவது பேசுங்கள், ஐயா" என்று உங்கள் காரியதரிசி கேட்டார். கல்வியைப் பற்றி ஏதாவது பேசுதல் மிக எளிது. எளிதாயிருப்பதனாலேயே அத்தகைய பேச்சுக்கள் கூட்டம் கலையுமுன் மறந்துபோகின்றன. ஆகவே ஒரு விஷயத்தை மாத்திரம் எடுத்து, அதை இயன்றவரை அடிவரை பார்த்துவிடலாம் என்று துணிந்தேன். அரசாங்கப் பாடசாலைகளிலே பயிலும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, ஒரே அளவுகோலால் அளந்து, அந்தப் புள்ளிகளைக் கொண்டு பாடசாலைகளையும் உபாத்தியாயர்களையும் தீர்ப்பிடும் வழக்கம் பல தேசங்களிலே பரவியிருக்கிறது. பரீட்சை நன்றா தீதா என்பது என் கேள்வியன்று. அதை விவாத மேடைக்கு விட்டுவிடுவோம். பரீட்சையைச் சட்டமாக விதிக்கிறவர்களையும், அதை நடத்துகிறவர்களையும் மேற்பார்வை செய்பவர் யார்? இதுவே நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

சந்தையிலே அரிசி வாங்கப் போகிறோம். வியாபாரியின் தராசிலும் படிக்கல்லிலும் அரசாங்க முத்திரை இருக்க வேண்டும் என்பது சட்டம். வியாபாரி நல்லவர்தான், நமக்கு உறவினராகவும் இருக்கலாம். என்றாலும், அந்த முத்திரையை அவரே குத்திக்கொள்ளலாம் என்று ஒரு விதி வருமானால் நாம் இணங்குவோமா? இணங்கோம். ஒரு கொத்து அரிசி விஷயத்தில் இவ்வளவு விழிப்பாயிருக்கும் நாம், பிள்ளைகளின் அறிவை நிறுக்கும் தராசுக்கு முத்திரை குத்தியவர் யார் என்று கேட்பதில்லை. புள்ளி என்று ஒன்று கடதாசியில் வந்துவிட்டால் அது வேதவாக்காகிவிடுகிறது.

இதற்கு எடுத்துக்காட்டாக ஐக்கிய அமெரிக்காவைத் தெரிந்துகொண்டேன். அவர்கள் நம்மைவிடச் சிறந்தவர்கள் என்பதற்காகவுமன்று, தாழ்ந்தவர்கள் என்பதற்காகவுமன்று. இந்தச் சோதனையைச் சட்டத்தின் மூலம், மிகப் பெரிய அளவிலே செய்து பார்த்தவர்கள் அவர்கள். செய்த தவறுகளையும் விசாரணை அறிக்கைகளாக எழுதி அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். அயலான் வீட்டுக் கணக்கைப் பார்த்தால் நம் வீட்டுக் கணக்கு விளங்கும்.

ஆனால் அமெரிக்காவுக்குப் போகுமுன் இங்கிலாந்திலே சற்றுத் தங்கவேண்டும். இந்த மரத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதன் ஒரு கிளை நம் தீவின்மேலும் நிழலிட்டது.

1862ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் கல்விப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்தவர் றொபேட் லோ என்பவர். ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் பணம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டு போயிற்று. பிள்ளைகளோ வாசிக்கவும் அறியாதிருக்கிறார்கள் என்று முந்திய வருடம் வெளிவந்த ஒரு விசாரணைக்குழுவின் அறிக்கை குறை கூறிற்று. கொடுத்த பணத்துக்குப் பலன் எங்கே என்று லோ கேட்டார். கேள்வி நியாயமானதே. அதற்கு அவர் கண்ட விடைதான் விபரீதம். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையையும் வித்தியாதரிசி நேரே பரீட்சிக்கவேண்டும். வாசிப்பு, எழுத்து, கணக்கு என மூன்று பாடங்கள். மூன்றிலும் தேறினால் அந்தப் பிள்ளையின் பேரில் பாடசாலைக்கு 8 சிலிங். ஒன்றில் தவறினால் 2 சிலிங் 8 பென்ஸ் கழிவு. வரவுக்காகத் தனியே ஒரு சிறு தொகை. பெறுபேற்றுக்குத் தக்க கொடுப்பனவு என்று இதைச் சொன்னார்கள்.

விளைவு என்ன? உபாத்தியாயருடைய சம்பளம் ஏழு வயதுப் பிள்ளையின் நாவிலே தொங்கிற்று. வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனனஞ் செய்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிழையின்றி "வாசித்த" பிள்ளைகளைப் பற்றி அக்காலக் கதைகள் உண்டு. மூன்று பாடங்களுக்கு அப்பாற்பட்ட பூமிசாஸ்திரம், சரித்திரம் முதலியவற்றைப் பல பாடசாலைகள் கைவிட்டன. மத்தியூ ஆர்னல்ட் என்ற கவிஞரை உங்களிற் சிலர் அறிவீர்கள். அவர் 35 ஆண்டுகள் வித்தியாதரிசியாயிருந்து பிழைத்தவர் என்பதைப் பலர் அறியார். தம் மேலதிகாரியின் இந்தத் திட்டத்தைப் பெயரிடாத ஒரு கட்டுரையில் அவ்வாண்டே கண்டித்தார். பின்னர் தம் உத்தியோக அறிக்கைகளிலேயே கண்டித்தார். பாடசாலைக்குள் போய் அது எப்படி வாழ்கிறது என்று பார்த்து, உபாத்தியாயருக்கு ஆலோசனை சொல்லவேண்டிய வித்தியாதரிசி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சரி, பிழை என்று அடையாளமிடும் கணக்கப்பிள்ளையாகிவிட்டார் என்பதே அவருடைய மனத்தாபம். எட்மண்ட் ஹோம்ஸ் என்ற இன்னொருவர் பிரதம வித்தியாதரிசியாக உயர்ந்து இளைப்பாறியபின், 1911இல் ஒரு புத்தகம் எழுதி, தாம் ஊழியஞ்செய்த அந்த முறையையே கடுமையாகச் சாடினார். இவற்றுக்கிடையில் முப்பதுக்கு மேற்பட்ட வருடங்கள் கழிந்துவிட்டன. 1890களின் நடுப்பகுதியிலேதான் அந்த முறை ஒழிந்தது.

நம் தீவிலே 1869இல் பொதுப்போதனைப் பகுதி ஏற்பட்டது. அதையடுத்த ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கும் இதே விதி வந்து சேர்ந்தது. நமது பாட்டனார், பூட்டனார் ஓலைப்பாயில் இருந்து படித்த திண்ணைப் பள்ளிகள் பாடசாலைகளாக மாறிய காலம் அது. வித்தியாதரிசி வரும் நாள் என்றால் வீட்டிலே சுகவீனமாய்க் கிடக்கும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வரவேண்டிய நிலைமை எப்படி உண்டாயிற்று என்பது இந்த 8 சிலிங் கணக்கைப் பார்த்தால் விளங்கும். இந்த முறை எங்கும் ஒரே குணத்தோடேதான் நடந்துகொள்ளும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லோ பாடசாலைகளை மேற்பார்வை செய்ய ஒரு கருவியைச் செய்தார். அந்தக் கருவியை மேற்பார்வை செய்ய எதையும் செய்யவில்லை.

இனி அமெரிக்கா. 1965 ஏப்பிரல் 11ஆந் திகதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன், ரெக்சாஸ் மாநிலத்திலே தாம் சிறுவயதிற் படித்த ஒற்றையறைப் பள்ளிக்கூடத்தின் அருகில், தமக்கு முதலெழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். ஏழைப் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளுக்கு மத்திய அரசாங்கம் பணம் உதவும் சட்டம் அது. ஜோன்சன் தாமும் இளமையில் மெக்சிக்க வமிச ஏழைப் பிள்ளைகளுக்கு உபாத்தியாயராயிருந்தவர். அப்பொழுதே செனற்றர் றொபேட் கெனடி ஒரு கேள்வி எழுப்பினார்: பணத்தைக் கொடுத்துவிட்டால் போதுமா? அந்த ஏழைப் பிள்ளைகள் உண்மையில் எதையாவது கற்றார்கள் என்று அவர்களுடைய தாய் தந்தையர் அறிவது எப்படி? இதை லோவின் கேள்வியோடு சேர்த்து மயங்கவேண்டாம். லோ பணத்துக்காகக் கேட்டார். கெனடி பிள்ளைக்காகக் கேட்டார்.

அந்தக் கேள்விக்குச் சட்டம் முழு விடை கொடுக்க 37 ஆண்டுகள் சென்றன. 2002 ஜனவரி 8ஆந் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், எந்தப் பிள்ளையும் பின்தங்கலாகாது என்ற பெயருடைய சட்டத்திற் கையொப்பமிட்டார். இரு கட்சியினரும் சேர்ந்து செய்த சட்டம். பிரதிநிதிகள் சபையிலே 381 பேர் ஆதரித்தார்கள், 41 பேரே எதிர்த்தார்கள். றொபேட் கெனடியின் தம்பி எட்வேட் கெனடி அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு வருடமும் வாசிப்பிலும் கணிதத்திலும் எல்லாப் பிள்ளைகளையும் பரீட்சிக்கவேண்டும். உயர்தரப் பாடசாலையில் ஒருமுறை. 100க்கு 95 பிள்ளைகளாவது தோற்றவேண்டும். இல்லையேல் மந்தமான பிள்ளைகளை அன்றைக்கு வீட்டில் நிற்கச் சொல்லிவிடுவார்கள் அல்லவா? பெறுபேறுகளைக் கறுப்பினப் பிள்ளைகள், ஏழைகள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள், அங்கவீனர் என்று பிரித்துப் பிரித்துக் காட்டவேண்டும்.

இந்தப் பிரித்துக் காட்டுதல் மிகப் பெரிய நன்மை. அதற்கு முன் ஒரு பாடசாலையின் சராசரி 70 என்றால் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த 70க்குள் 90 எடுக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளையும், 30 எடுக்கும் ஏழைப் பிள்ளையும் ஒருங்கே ஒளிந்திருந்தார்கள். புதிய சட்டம் அந்தத் திரையைக் கிழித்தது. இந்த அளவுக்கு அதை நான் மனமாரப் புகழ்கிறேன்.

ஆனால் அதே சட்டம், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் குறித்த இலக்கை எட்டாத பாடசாலைக்குக் குறைபாடுடையது என்ற முத்திரையைக் குத்திற்று. பிள்ளைகள் வேறு பாடசாலைக்குப் போகலாம். அடுத்த ஆண்டுகளில் உபாத்தியாயர்களை மாற்றலாம். இறுதியில் பாடசாலையையே கலைத்து அமைக்கலாம். 2014க்குள் நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும், ஒருவர் தவறாமல், தேர்ச்சியடைந்துவிடவேண்டும் என்றும் விதித்தது. நூற்றுக்கு நூறு! காய்ச்சல் எவருக்கும் வரலாகாது என்று ஆஸ்பத்திரிக்கு விதி செய்ததுபோலத்தான். 2011 அளவில் நாட்டின் பாடசாலைகளில் ஏறக்குறையப் பாதி இலக்கைத் தவறவிட்டிருந்தன.

சட்டத்திலே இரண்டு ஓட்டைகள் இருந்தன. இரண்டும் மேற்பார்வையைச் சேர்ந்தவை.

முதலாவது, தராசை மாநிலங்களே செய்துகொள்ளலாம் என்பது. எது தேர்ச்சி, எத்தனை புள்ளி எடுத்தால் சித்தி என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே வகுத்தது. வாசிங்டன் அதிகாரிகள் வினாத்தாள் அமைப்பைப் பரிசீலித்தார்கள். சித்திக்கோட்டை எங்கே போடுவது என்பதை மாநிலங்களிடமே விட்டார்கள். குறைந்தால் தண்டனை, கோட்டைப் போடுகிற கையும் தண்டனைக்கு அஞ்சுகிற கை. கோடு எங்கே போகும்? நியூயோர்க் மாநிலத்தில் 2009இல் 3 முதல் 8 வரையுள்ள வகுப்புக்களில் 100க்கு 86 பிள்ளைகள் கணிதத்தில் சித்தி என்று அறிவித்தார்கள். பெற்றோர் மகிழ்ந்தனர். பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது வினாக்கள் ஆண்டுக்காண்டு ஒரே சாயலில் வந்து, முன்கூட்டியே ஊகிக்கத்தக்கனவாய்ப் போயிருந்தன என்று கண்டார்கள். மாநில அதிகாரிகள் துணிந்து கோட்டை உயர்த்தினார்கள். 2010இல் சித்தியடைந்தவர்கள் 100க்கு 61 பேர். ஆங்கிலத்தில் 77 என்றிருந்தது 53 ஆயிற்று. ஒரே வருடத்தில் பிள்ளைகள் முட்டாள்களாகிவிட்டார்களா? இல்லை. படிக்கல்லை மாற்றினார்கள், அவ்வளவே. அதை மாற்றிய அதிகாரிகளை நான் மெச்சுகிறேன். தம் காலத்திலே புள்ளி விழுவதற்குச் சம்மதிக்கும் உத்தியோகத்தர் மிக அருமை.

இரண்டாவது ஓட்டை இன்னும் ஆழமானது. எந்தப் பாடசாலைக்குத் தண்டனை வருமோ அந்தப் பாடசாலையின் அலுமாரியிலேயே விடைத்தாள்களை இரவில் வைத்துப் பூட்டினார்கள். திறப்பு யாரிடம்? இந்த இடத்தில் அற்லாந்தா நகரத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

ஜோர்ஜியா மாநிலத்தின் தலைநகர் அற்லாந்தா. கறுப்பின மக்கள் பெருந்தொகையினராய் வாழும் நகரம். அங்குள்ள அரசாங்கப் பாடசாலைகளின் புள்ளிகள் 2000ஆம் ஆண்டுக்குப்பின் வியக்கத்தக்கவாறு ஏறின. நகரத்தின் பாடசாலைகளுக்கெல்லாம் தலைவியாயிருந்த மேலதிகாரி 2009இல் நாட்டிலேயே சிறந்த கல்வி அதிகாரி என்ற விருதைப் பெற்றார். இலக்கை எட்டிய பாடசாலைகளுக்குச் சன்மானப் பணம். எட்டாத அதிபர்களுக்கு வேலை போகும் பயம். அந்நகரத்துப் பத்திரிகை ஒன்று இந்த ஏற்றம் இயற்கைதானா என்று கணக்குப் போட்டுச் சந்தேகத்தைக் கிளப்பிற்று.

அந்தப் பரீட்சையிலே பிள்ளைகள் பென்சிலால் சிறு வட்டங்களைக் கறுப்பாக்கி விடையளிப்பார்கள். இயந்திரம் அதை வாசிக்கும். அழிறப்பரால் அழித்த வட்டத்தின் மங்கிய சாயலையும் அந்த இயந்திரம் காணவல்லது. எத்தனை விடைகள் அழித்து மாற்றப்பட்டன, அவற்றில் எத்தனை பிழையிலிருந்து சரிக்கு மாறின என்று எண்ணலாம். சாதாரணமாக ஒரு பிள்ளை ஒன்றிரண்டு விடைகளை மாற்றும். சில வேளை சரியைப் பிழையாகவும் மாற்றும். அற்லாந்தாவின் பல வகுப்பறைகளிலே பிழையிலிருந்து சரிக்கு மாறியவை, தற்செயலால் ஒருபோதும் நேரமுடியாத தொகையில் இருந்தன.

நகரத்தின் பெரிய மனிதர்களைக் கொண்ட ஒரு விசாரணைச் சபையை முதலில் அமைத்தார்கள். சில பாடசாலைகளில் மாத்திரம் குறை உண்டு என்று அச்சபை சொல்லிற்று. மாநில ஆளுநர் அதை ஏற்கவில்லை. சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரத்தோடு, நகரத்துக்குக் கடமைப்படாத விசேட விசாரணையாளரை 2010இல் நியமித்தார். இதைக் கவனிக்கவேண்டும். ஊரவர் விசாரித்தபோது ஊர் தப்பிற்று. வெளியார் விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. 2011 ஜூலையில் வெளியான அறிக்கையின்படி, ஆராய்ந்த 56 பாடசாலைகளில் 44இல் மோசடி. அதிபர்களும் உபாத்தியாயர்களுமாக 178 பேர் குறிப்பிடப்பட்டார்கள். 82 பேர் தாமே ஒப்புக்கொண்டார்கள். சில உபாத்தியாயர்கள் வார இறுதியில் ஒருவர் வீட்டில் ஒன்றுகூடி, ஏதோ கலியாண வீட்டுப் பலகாரம் சுடுவதுபோல, விடைத்தாள்களைத் திருத்தினார்களாம். மறுத்தவர்களும் முறையிட்டவர்களும் பழிவாங்கப்பட்டனர் என்றும் அறிக்கை கூறுகிறது. 2013இல் 35 பேர்மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. விருது பெற்ற மேலதிகாரியும் அவர்களுள் ஒருவர். தாம் குற்றமற்றவர் என்றே அவர் சொல்லிவந்தார். விசாரணை நடக்குமுன் நோயால் இறந்தார். 2015 ஏப்பிரலில், விசாரணையை எதிர்கொண்ட 12 பேரில் 11 பேரைக் குற்றவாளிகள் என்று ஜூரிகள் தீர்த்தார்கள். கொள்ளைக் கூட்டங்களை ஒடுக்கச் செய்த சட்டத்தின் கீழ் வகுப்பாசிரியைகளுக்குத் தண்டனை!

அவர்கள் செய்தது பாதகம்தான். அதை நான் மறைக்கவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று எழுதினால், அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய விசேட உதவி கிடையாமற் போகிறது. பொய்ப்புள்ளி ஏழைப் பிள்ளைக்கு இழைத்த களவு. ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு என்ற வேறொரு பரீட்சை அந்நாட்டில் உண்டு. அதைப் பாடசாலைக்குத் தொடர்பில்லாத வெளியாரே வந்து நடத்துவார்கள். அந்தப் பரீட்சையிலும் அற்லாந்தாப் பிள்ளைகளின் புள்ளிகள் அதே ஆண்டுகளில் ஏறியிருந்தன. அப்படியானால் அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே ஓரளவு முன்னேறியிருந்தார்கள்! பொய் வந்து அந்த மெய்யையும் விழுங்கிவிட்டது. தாம் உழைத்து எடுத்த புள்ளியையும் ஊர் நம்பாத நிலைக்கு அந்தப் பிள்ளைகள் ஆளானார்கள்.

டொனால்ட் காம்பெல் என்ற அமெரிக்க அறிஞர் 1970களிலேயே இதற்கு ஒரு பொதுவிதி வகுத்திருந்தார். சமூகக் காரியங்களில் யாதாயினும் ஓர் அளவையை வைத்துக் கொண்டு எவ்வளவுக்கெவ்வளவு அதிகமாகத் தீர்ப்புச் செய்கிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு அந்த அளவை கெட்டுப்போகும். அது அளக்க வந்த காரியத்தையும் கெடுக்கும் என்பது அதன் கருத்து. பரீட்சைப் புள்ளிகளையும் அவர் உதாரணமாகச் சொன்னார். நான் இப்படிச் சொல்வேன்: பரீட்சை ஒரு சாட்சி. சாட்சியின் கழுத்திலே கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு, உண்மையைச் சொல் என்றால் அது எஜமானுக்கு விருப்பமானதைச் சொல்லும்.

சற்றுமுன் சொன்ன தேசிய மதிப்பீட்டைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள். 1969 முதல் நடந்துவருகிறது. எல்லாப் பிள்ளைகளையும் அது சோதிப்பதில்லை. பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போலச் சிலரைத் தெரிந்தெடுக்கிறது. ஒரு பிள்ளைக்கு முழு வினாத்தாளுங்கூட இல்லை; ஒரு பகுதியே. பிள்ளையின் பெயரோ பாடசாலையின் பெயரோ வெளிவராது. அதனால் எவருக்கும் பரிசுமில்லை, தண்டனையுமில்லை; ஆகவே அதற்காக இரவு வகுப்பு வைக்கும் உபாத்தியாயரும் இல்லை. அதன் கொள்கைகளை வகுக்க 1988இல் தனிச் சபை ஒன்றை ஏற்படுத்தினார்கள். மாநிலங்கள் போட்ட சித்திக்கோடுகள் எவ்வளவு தாழ்ந்தவை என்று உலகுக்குக் காட்டியது இந்தப் பரீட்சைதான். கொரோனாத் தொற்றுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபின் 2022இல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் கணிதப் புள்ளி 7 புள்ளியால் விழுந்தது என்று தயங்காமற் சொன்னதும் இதுதான். அந்தப் பரீட்சை தொடங்கிய காலத்திலிருந்து அவ்வயதினர் கணிதத்தில் சறுக்கியது அதுவே முதல் முறை. எவருக்கும் அஞ்சவேண்டியிராத சாட்சி உண்மை சொல்லிற்று.

பின்னர் பெற்றோர் பொறுமையிழந்தார்கள். ரெக்சாஸ் மாநிலத்தில் உயர்தர மாணாக்கர் பட்டயம் பெறுவதற்கு 15 பாட இறுதிப் பரீட்சைகள் என்றிருந்ததைத் தாய்மார்களின் முயற்சியால் 2013இல் சட்டசபை 5 ஆகக் குறைத்தது. நியூயோர்க்கில் 2015இல் ஏறக்குறைய 2 இலட்சம் பிள்ளைகள், அதாவது ஐந்தில் ஒருவர், பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் பெருநகரப் பாடசாலைகளின் சங்கம் ஒன்று 66 நகரங்களை ஆராய்ந்து, ஒரு பிள்ளை பாலர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை சுமார் 112 கட்டாயப் பரீட்சைகளுக்கு இருக்கவேண்டியிருக்கிறது என்று கண்டது. இவற்றை விதித்தவர்கள் யார்? கொஞ்சம் மத்திய அரசாங்கம், கொஞ்சம் மாநிலம், கொஞ்சம் நகரசபை. ஒருவர் விதித்தது மற்றவருக்குத் தெரியாது. மொத்தத்தை எண்ணிப் பார்க்கவேண்டியது எவருடைய கடமையாயும் இருக்கவில்லை.

அப்படியாயின் எல்லாவற்றையும் ஒழித்துவிடலாமே என்று இளைஞர்கள் சிலர் நினைப்பது முகத்திலே தெரிகிறது. அவசரப்படவேண்டாம். ஒழிக்கலாகாது என்று அந்த 2015இலேயே உரத்துச் சொன்னவர்கள் யார் தெரியுமா? கறுப்பின மக்களினதும் பிற சிறுபான்மையோரினதும் அங்கவீனரினதும் உரிமைக்காகப் போராடும் சங்கங்கள். எங்கள் பிள்ளைகளைப் பரீட்சியாது விட்டால், அவர்கள் கற்கவில்லை என்பது ஒருவருக்கும் தெரியாமற் போய்விடும். தெரியாத குறையைத் தீர்க்கப் பணம் கேட்பது எங்ஙனம் என்பது அவர்கள் வாதம். சிறுபான்மையோராய் வாழ்கிற நமக்கு இந்த வாதம் விளங்காமற் போகாது. கணக்கில் வராதவர் கவனத்திலும் வரார்.

அவ்வாண்டு டிசம்பர் 10ஆந் திகதி ஜனாதிபதி ஒபாமா புதிய சட்டத்திற் கையொப்பமிட்டார். பரீட்சைகள் நிலைத்தன, பிரித்துக் காட்டுதலும் நிலைத்தது, வாசிங்டனிலிருந்து இறங்கும் தண்டனைகள் பெரும்பாலும் போயின, தாழ்ந்த பாடசாலைகளை என்ன செய்வது என்பது மாநிலங்களின் பொறுப்பாயிற்று. மாநிலங்கள் தம் பரீட்சைகளையே கணக்காய்வு செய்து, வேண்டாதவற்றைக் களைவதற்கு உதவிப்பணம் பெறவும் அதில் இடம் வைத்தார்கள். பரீட்சையைப் பரீட்சிக்கும் எண்ணம் சட்டப் புத்தகத்தில் ஏறியது. தாமதமாகத்தான், என்றாலும் ஏறியது.

ஆனால் சட்டத்தை எழுதினாற் போதாது, அதைக் காக்க ஆள் வேண்டும். 2025 மார்ச்சில் அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் ஊழியரில் ஏறக்குறையப் பாதிப்பேரை நீக்குவதாக அறிவித்தார்கள். தேசிய மதிப்பீட்டை நடத்தும் புள்ளிவிவர நிலையத்திலே எஞ்சுவோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே என்றாயிற்று. திணைக்களம் பெரிதாயிருக்கவேண்டுமா சிறிதாயிருக்கவேண்டுமா என்பது அந்நாட்டாரின் அரசியல். அதில் எனக்கு அலுவலில்லை. தராசுக்கு முத்திரையிடும் உத்தியோகத்தனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வியாபாரம் நடக்கட்டும் என்றால் சந்தை எப்படியிருக்கும் என்பதையே எண்ணுகிறேன்.

நம் நாட்டு விஷயத்தைத் தொடாமல் இறங்கினால் நீங்கள் விடமாட்டீர்கள். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை அமெரிக்கப் பரீட்சைகளைப் போன்றதன்று. அது பாடசாலையைத் தண்டிப்பதற்காக ஏற்பட்டதுமன்று. கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாயிருந்த 1940களிலே, கிராமத்து ஏழைப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்குத் தெரிந்தெடுக்க உண்டானது. சட்டம் செய்யாததை நாமே செய்துகொண்டோம். பாடசாலை மதிலிலே பிள்ளைகளின் படத்தையும் புள்ளியையும் தொங்கவிட்டு, வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர் என்று அதிபரை அளக்கிறோம். பத்து வயதுப் பிள்ளையின் கழுத்திலே கயிற்றைப் போட்டவர் அமைச்சரல்லர், நாம்தான். 2024 செப்தெம்பரில் நடந்த பரீட்சையின் வினாக்கள் மூன்று முன்கூட்டியே வெளியாயின என்ற விஷயம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பெறுபேறுகளை நிறுத்திவைத்தார்கள். தீர்ப்பு வந்தது அவ்வாண்டின் கடைசி நாளில். இலட்சக்கணக்கான சிறுபிள்ளைகள் மூன்றரை மாதம் காத்திருந்தார்கள். மூன்று வினாக்களுக்கு யாரேனும் விலை கொடுப்பார்களானால், அந்த விலையை ஏற்றிவிட்டவர்கள் எவர் என்பதையும் அந்த நாட்களில் நாம் பேசியிருக்கலாம்; பேசவில்லை.

இந்த மன்றமும் வருடந்தோறும் முன்னோடிப் பரீட்சை ஒன்றை நடத்துகிறது. நல்ல தொண்டு. அதிலே சில மாற்றங்களைச் செய்யலாமென்று உங்கள் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வினாத்தாளை ஆக்குகிறவர் அந்த வருடம் தனிவகுப்பு நடத்துகிறவராயிருத்தலாகாது. ஒரு பாடசாலைப் பிள்ளையின் விடைத்தாளை வேறு பாடசாலை உபாத்தியாயரே திருத்தவேண்டும். பத்துத் தாளுக்கு ஒன்றை மூன்றாமவர் மறுபடி பார்க்கவேண்டும். புள்ளியைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் கொடுங்கள். எந்தப் பாடத்தில் எது விளங்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பாடசாலை வாரியாக நிரைப்படுத்திப் பத்திரிகைக்கு அனுப்பும் அந்தப் பட்டியலை மாத்திரம் இவ்வருடம் நிறுத்திவையுங்கள். பட்டியல் இல்லையென்றால் பரீட்சைக்கு வரும் பிள்ளைகளின் தொகை குறையும் என்று ஒரு பெரியவர் சொன்னார். குறையலாம். குறைகிறதா என்று ஒரு வருடம் பார்ப்போம்.

வினாத்தாள் குழு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுகிறதாம். திருத்துவோர் பட்டியலிலே என் பெயரையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டிருக்கிறேன். காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் இப்பொழுது கேட்கலாம்.